ஊரித்தீவுச் சாவிகள்

சண்பகவடிவு தரையை விட்டு எழும்பத் தொடங்கியது எந்த நாளில் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்து, அவர் போன பிறகு கொழுந்தன்மாரைக் கரையேற்றி, கடைசியில் சிறுநீரகம் கெட்டுப்போன புருஷனுக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து அவரையும் வழியனுப்பிவைத்து, ஒரே மகன் அமெரிக்காவிலிருந்து போன் போட்டு, "வீட்ட வித்திரலாம்மா, ஒனக்குக் கோயம்புத்தூர்ல நல்ல முதியோர் இல்லமா பாத்துட்டேன்" என்று சொன்ன அந்தக் கோடையில், இனித் தூக்கிச் சுமக்க ஒன்றும் மிச்சமில்லை என்று கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தவள், நிமிர்ந்த வேகத்திலேயே ஒரு சாண் மேலே போய் அங்கேயே நின்றுவிட்டாள்.

அமலோற்பவம் அதைப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். பாளையங்கோட்டையில் நாலு தெரு தள்ளியிருந்த சிநேகிதியின் வீட்டுக்குள் நுழைந்தவள், வடிவு ஸ்டூல் போடாமல் சீலிங் ஃபேனின் இறக்கைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "ஏட்டி, சுவிட்ச ஆஃப் பண்ணினியா இல்லையா?" என்றுதான் கேட்டாள். இரண்டு பேரும் திருநெல்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே ஹாஸ்டல் அறையில் ஒரே கண்ணாடியில் தலைவாரியவர்கள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊருலகத்துக்கெல்லாம் ட்ரங்க் கால் போட்டுக்கொடுத்தவர்கள். அந்த வேலையில் பிறப்புச் செய்தியும் இழவுச் செய்தியும் ஒரே கம்பியில்தான் வரும். எதற்கும் பதறக் கூடாது, "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு ஆகவேண்டியதைப் பார்க்க வேண்டும்.

ஆகவேண்டியதை அமலோற்பவம் பார்த்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் எடை மிஷினில் ஏறச்சொன்னார், முள் அசையவில்லை, மிஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத் தைராய்டு டெஸ்டுக்கு எழுதிக்கொடுத்து இரும்புச்சத்து மாத்திரையும் தந்தார். தெருக்காரர்களும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முருங்கைக்காய் பறிக்கவும் ஒட்டடை அடிக்கவும் டிஷ் ஆன்டெனாவைத் திருப்பி வைக்கவும் வடிவக்காவைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். கடைசியில் வைத்தியம் கிடைத்தது அடுக்களையில். கல்யாணத்தன்று எந்த அம்மியின் மேல் காலை எடுத்துவைத்து மெட்டி போட்டுக்கொண்டாளோ அந்த அம்மியின் குழவியைத் துணிப்பையில் போட்டு இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டால், வடிவு எல்லாரையும்போலத் தரையில் நடந்தாள்.

பயணம் அமலோற்பவத்தின் யோசனை. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த மற்ற பெண்கள் எல்லாரும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கிற சாக்கில் சிங்கப்பூர், துபாய் என்று போய்வந்துவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டில் மட்டும் ஒரு சீல் கூட விழவில்லை. கல்யாணமே செய்துகொள்ளாத அமலோற்பவத்துக்கு எந்த ஊரிலும் பேரப்பிள்ளை இல்லை, வடிவை யாரும் கூப்பிடவில்லை. "யாழ்ப்பாணம் போவோம். ஏறி எறங்குறதுக்குள்ள வெளிநாடு. பேச்சும் தமிழ்" என்றாள். ஆடியில் யாராவது பயணம் கிளம்புவார்களா என்று வடிவின் அண்ணி வாயில் கைவைத்தபோது, "எனக்கு ஆடியும் இல்ல, ஆவணியும் இல்ல. மாதா பாத்துக்கிடுவா" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி இருந்த இடத்தில் இருந்தது, குழவிதான் பறக்கக் கிளம்பியது.

உண்மையில் அமலோற்பவத்தின் மனதில் வேறொன்று இருந்தது. அவளுடைய வீட்டு மாடி அறையைச் சுத்தம் செய்து, இளம்பச்சை பெயின்ட் அடித்து, கட்டில் போட்டு வைத்திருந்தாள். கோயம்புத்தூருக்குப் போகாதே, என் வீட்டுக்கு வா என்று வடிவிடம் கேட்க வேண்டும். ஆயிரம் பேருக்கு லைன் போட்டுக் கொடுத்த வாய்க்கு அந்த ஒரு வரி வரவில்லை. "ஒனக்கு எதுக்குட்டி பாரமா இருக்கணும்" என்று வடிவு சிரித்து மழுப்பிவிட்டால் அதற்குமேல் கேட்கவும் முடியாது. வெளியூரில், நல்ல காற்றில், நல்ல காட்சி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். அதுவரை பிடித்த கையை விடக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

நெல்லையிலிருந்து ரயிலில் சென்னை வந்து, ரயில் பாத்ரூமில் சேலை மாற்றி, விமானநிலையத்துக்குப் போனால், அங்கே இல்லாத தொல்லை இல்லை. டிக்கெட்டில் இருக்கிற பெயருக்கும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயருக்கும் நடுவில் வடிவின் புருஷன் பெயர் முன்னுக்கும் பின்னுக்கும் மாறி நின்றது. "மேடம், உங்க சர்நேம் எது?" என்று கவுன்டர் பெண் கேட்க, "எங்களுக்கு அதெல்லாம் கிடையாதும்மா, இனிஷியல்தான்" என்று வடிவு சொல்ல, அந்தப் பெண் யார் யாருக்கோ போன் செய்து ஒருவழியாக இனிஷியலுக்கு ஒரு சர்நேம் கண்டுபிடித்துத் தந்தாள். பிறகு பெட்டி எடை கூடிவிட்டது என்றாள். "பெட்டி எடை கூடுனா என்ன, இவ எடையக் கழிச்சுக்கிடுங்க. இவளுக்கு எடையே கிடையாது" என்று அமலோற்பவம் வாதாடினாள். "அப்படி ரூல் இல்லை மேடம்" என்றாள் அவள், வடிவு தரையில் நிற்கிறாளா இல்லையா என்று எட்டிக்கூடப் பார்க்காமல்.

சோதனையிடும் இடத்தில்தான் விவகாரம் முற்றியது. வடிவின் இடுப்புப் பையை வாங்கிப் பிரித்த வடநாட்டுப் பெண் அதிகாரி குழவியை இரண்டு கையாலும் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"அரைக்கிற கல்லு. மசாலா அரைக்க."

"வீட்டில் மிக்சி இல்லையா?"

"இருக்கு. அது லேசா இருக்கு" என்றாள் வடிவு.

மண்டையைப் பிளக்கக்கூடிய எதையும் விமானத்தில் கையோடு கொண்டுபோக முடியாது என்று அதிகாரி சொன்னது நியாயம்தான். குழவி போய்க் கத்தரிக்கோலும் நெயில்கட்டரும் சிகரெட் லைட்டரும் கிடந்த தட்டில் உட்கார்ந்தது. வடிவு மெல்ல எழும்பினாள். உலோகம் கண்டுபிடிக்கிற கருவியை வைத்துக்கொண்டு அந்த அதிகாரி முதலில் தோளைத் தடவினாள், பிறகு அதே உயரத்தில் இடுப்பு வந்தது, பிறகு முழங்கால் வந்தது. "கீழே நில்லுங்கம்மா" என்று ஒருமுறை கண்டித்துப் பார்த்தாள். பின்னால் வரிசை கத்த ஆரம்பித்ததும், போங்க போங்க என்று கையை வீசிவிட்டாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனால் எந்த அதிசயமும் அதற்குமேல் தாங்காது.

அமலோற்பவம் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, கோபமாக மாற்றிக்கொண்டாள். "பெட்டியில போட்டிருக்கணும் நான், எம்புத்தி!" என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு கைக்குழந்தைகளோடு திண்டாடிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, "அக்கா, இவனை ஒருக்காப் பிடியுங்கோ" என்று கொழுகொழுவென்று இருந்த ஒன்றை வடிவின் இடுப்பில் வைத்துவிட்டு மற்றதற்குப் பால் கரைக்கப் போனாள். வடிவின் செருப்பு சொத்தென்று தரையில் பட்டது. அந்தப் பயணம் முழுக்க அந்தப் பிள்ளை அவள் மடியைவிட்டு இறங்கவில்லை. விசிறி சுற்றுகிற சின்ன விமானம் கடலின் மேல் குலுங்கிக் குலுங்கிப் போனபோது எல்லாரும் பயந்திருக்க, வடிவு மட்டும் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, "ஏட்டி அமலி, இங்கேருந்து பாத்தா கடலு சுருங்கின சேல மாதிரில்லா இருக்கு! அயன் பண்ணணும்" என்றாள். அப்போதே அமலோற்பவத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மேலேயிருந்து பார்க்கிற ருசி இவளுக்குக் கண்டுவிட்டது.

யாழ்ப்பாணத்தில் கோயில் பார்த்தார்கள், கோட்டை பார்த்தார்கள், ஒடியல் கூழ் குடித்தார்கள், வடிவின் தோள்பையில் இரண்டு செங்கல் இருந்தது. பிறகு லாஞ்சி என்கிற மோட்டார் படகில் ஊரித்தீவுக்கு ஏறினார்கள். பவளப்பாறைக் கல்லை அடுக்கி மதில் கட்டிய சின்னத் தீவு, மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், ஆடி மாதத்தில் சோளகம் என்று அவர்கள் சொல்லும் தென்மேல் காற்று இரவும் பகலும் விடாமல் வீசும். இறங்குதுறையில் லாஞ்சி முட்டிய வேகத்தில் தோள்பை கடலில் விழுந்துவிட, அமலோற்பவத்தின் பிடியில் வடிவு கொடிச்சேலைபோலக் கிடையாகப் பறந்துகொண்டு வந்து சேர்ந்தாள்.

துறையில் அவர்களுக்காகக் காத்திருந்தவள் விடுதி நடத்துகிற தையல்நாயகி. ஐம்பது வயதைத் தாண்டியவள், கறுத்த, அகலமான பெண். அவள் வடிவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காத்துக்காலத்திலை இப்பிடி வெறுங்கையோட வரலாமோ அக்கா?" என்று கோபித்துக்கொண்டு, தான் வாங்கிவைத்திருந்த அரிசி மூட்டையைத் தூக்கி வடிவின் தலையில் வைத்தாள். வேறு கேள்வி கேட்கவில்லை. அந்தத் தீவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஆட்கள் காற்றில் போனதுபோலப் போயிருந்தார்கள், கொழும்புக்கு, இந்தியாவுக்கு, கனடாவுக்கு, இன்னும் எங்கெங்கேயோ. ஒருத்தி ஒரு முழம் எழும்புவது அங்கே பெரிய சங்கதியாக இல்லை.

அடுத்த நாள் காலை ஊர்சுற்றல். ஒல்லாந்தர் கட்டிய கோட்டையில் மிச்சமிருந்த ஒன்றரைச் சுவரைப் பார்த்தார்கள். பத்துப் பேர் உள்ளே நிற்கக்கூடிய பொந்து வைத்த பெருக்கு மரத்தைப் பார்த்தார்கள். அதோடு பார்க்க வேண்டியவை முடிந்துவிட்டன. "வேறை என்ன பாக்கப்போறியள், கடல்தான்" என்றான் அவர்களைக் கூட்டிப்போன சூசைதாசன். அவன் லாஞ்சியில் வேலை பார்ப்பவன், கையெல்லாம் கயிற்றுத் தழும்பு.

"மேல இருந்து ஒருதடவ பாக்கணும்" என்றாள் வடிவு.

"பாக்கவும் வேண்டாம் கேக்கவும் வேண்டாம். வா, சாப்பிடப் போவோம்" என்றாள் அமலோற்பவம்.

"என்னட்டி நீ. எழும்புத எழும்புதன்னு கல்லக் கட்டி அமுக்குதிய எல்லாரும். ஒருநாளாவது எதுக்கு எழும்புதேன்னு பாக்க வேண்டாமா?"

சூசைதாசன் தலையைச் சொறிந்தான். "கயிறு கிடக்கு அக்கா. ரெண்டு கையையும் விரிச்சு அளந்தா நூறு பாகத்துக்கு மேலை வரும். நங்கூரத்துக்குக் கட்டிற முடிச்சுப் போட்டா அறாது. காத்தைப் பாத்து மெல்ல மெல்ல விட்டாச் சரி" என்றான், ஏதோ பட்டம் விடுகிற விஷயம்போல.

அமலோற்பவம் கத்தினாள், மாதாவைக் கூப்பிட்டாள், கயிற்றின் இந்த முனையைத் தன் இடுப்பில் கட்டச்சொன்னாள், கட்டியபிறகுதான் விட்டாள். வடிவு அரிசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, சேலையைக் கணுக்காலில் முடிந்துகொண்டு, கையை விரித்தாள். பனைமரத்தின் நெஞ்சுக்குப் போனாள், தலைக்குப் போனாள், பனையைத் தாண்டிப் போனாள். கீழே நின்றவர்களுக்கு அவளுடைய இரண்டு உள்ளங்கால்கள் மட்டும் தெரிந்தன.  பிறகு சிரிப்புக் கேட்டது. ஹாஸ்டலில் வார்டன் தூங்கிய பிறகு தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அதை அமலோற்பவம் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது.

"மஞ்சக் கேட்டு வீடு ஒண்ணு தெரியுது!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "கூரையில ஓடு இல்ல. உள்ள முத்தத்துல மல்லி பூத்துக் கொட்டிக் கெடக்கு. யாரும் பறிக்கல!"

தையல்நாயகி ஓடிவந்தாள். "அது எங்கட பெரியக்காவின்ர வீடு! கிணத்திலை தண்ணி கிடக்கோ எண்டு பாருங்கோ!"

"கெடக்கு! ஒரு வாளியும் மெதக்குது!"

அவ்வளவுதான். அன்று மதியத்துக்குள் தீவு முழுவதும் அங்கே வந்துவிட்டது. உயரமான கல்மதில்களுக்குள் முள்ளும் கொடியும் மண்டி, வாசல் அடைந்து, யாரும் உள்ளே போய்ப் பார்க்காத வீடுகள் அந்தத் தீவில் பாதிக்குப் பாதி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டைக் கேட்டார்கள். மாமா நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறதா, சித்தியின் தையல் மிஷின் விறாந்தையிலேயே இருக்கிறதா, சாமியறைச் சுவர் விழுந்துவிட்டதா. வடிவு ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னாள். ஒருத்தர் போனைத் தூக்கிப்பிடித்து டொராண்டோவில் அப்போது தூங்கிக்கொண்டிருந்த அண்ணனை எழுப்ப, வானத்திலிருந்து ஒரு திருநெல்வேலிக் குரல் அவருக்கு, "அண்ணாச்சி, ஒங்க வீட்டுக் கொய்யாவுல காக்கா கூடு வச்சிருக்கு, மத்தபடி நல்லா இருக்கு" என்று சொன்னது. தொலைந்துபோன பசு ஒன்றையும் வடிவு கண்டுபிடித்துக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து காலையில் வீடுகள், சாயங்காலம் மாடுகள் என்று அவர்களாகவே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். கயிறு விட ஆள் மாற்றிக்கொண்டார்கள், வடிவுக்குத் தலை சுற்றாமலிருக்க மேலேயே இஞ்சிப் பிளேன்டீ அனுப்ப ஒரு தூக்குவாளியும் கட்டினார்கள்.

சாவிகளைக் கொண்டுவந்தது தையல்நாயகி. ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாரும் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது அந்தத் தீவின் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரரும் போகும்போது, கையிலிருக்கிற எல்லாச் சாவியையும் தன் சாவியோடு சேர்த்து அடுத்த வீட்டில் கொடுப்பார். இப்படியே கைமாறிக் கைமாறி, மிச்சமிருந்த கொஞ்ச வீடுகளின் ஆணிகளில் போன வீடுகளின் சாவியெல்லாம் வந்து தொங்கின. ஒருவருக்கும் அவற்றைத் தூக்கி எறிய மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை. "கல்லு மூட்டை எல்லாம் என்னத்துக்கு அக்கா, நாளைக்கு இதைக் கட்டிப் பாருங்கோ" என்று தையல்நாயகி தன் வீட்டு ஆணியிலிருந்த கொத்தை நைலான் கயிற்றில் கோத்து வடிவின் இடுப்பில் கட்டினாள். வடிவு பட்டென்று தரையில் நின்றாள். இரும்பின் எடையைவிட அதிக எடை அவற்றுக்கு இருந்தது. ஆளாளுக்குக் கொண்டுவந்து கோத்தார்கள், கொடுத்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

கார்த்திகேசு என்ற கிழவர் மட்டும் கடைசிவரை நின்று, வேட்டி முடிச்சிலிருந்து ஒற்றைச் சாவியை எடுத்தார். "மற்றதெல்லாத்தையும் கழட்டிப்போட்டு இதை மட்டும் வைச்சிருங்கோ பிள்ளை" என்றார். வடிவு கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தச் சாவியைக் கையில் வாங்கினாள். வாங்கிய கையோடு எழும்பினாள், சாவியும் கூடவே பஞ்சுபோல எழும்பியது. சூசைதாசன் தாவிக் காலைப் பிடித்து இறக்கினான். பெரியவர் சாவியைத் திரும்ப வாங்கி முடிந்துகொண்டார்.

"வீடு இல்லை. கதவும் பூட்டும் எப்பவோ போயிட்டுது. பூட்டுப் போனாச் சாவியின்ர பாரமும் போயிடும் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் ஒருக்கா நிறுத்துப் பாக்க ஆசையாக் கிடந்தது" என்றார்.

 தையல்நாயகி அவருக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

திரும்பவேண்டிய நாள் நெருங்கியபோது வடிவு காலையில் சாவிக்கொத்தோடு புறப்பட்டு, தீவுக்காரர்களோடு சேர்ந்து முள்ளை வெட்டி, ஒவ்வொரு வீடாகத் திறந்து, கூட்டிப் பெருக்கி, ஜன்னலைத் திறந்து காற்றை விட்டு, மறுபடி பூட்டிக்கொண்டிருந்தாள். அமலோற்பவத்துக்குப் பொறுக்கவில்லை. துடைப்பத்தைப் பிடுங்கினாள்.

"ஊரான் வீட்டச் சுமக்கதுக்கா ஒன்னக் கூட்டிட்டு வந்தேன்? காலமெல்லாம் சுமந்தது போதாதா ஒனக்கு? பெட்டியக் கட்டு, நாளைக்குப் பிளைட்டு."

வடிவு மதில் கல்லில் உட்கார்ந்தாள். "நான் வரலட்டி" என்றாள். குரலில் சண்டை இல்லை. "அங்க யாரும் என்னக் கேக்கல, தலையில தூக்கி வச்சாங்க, நானும் நடந்தேன். இங்க கேக்குறாங்க. சாயங்காலம் ஆனா கழட்டி ஆணியில மாட்டிட்டு மேல போயிட்டு வாரேன். எறக்கி வைக்க முடியுற சொமைய நான் இப்பத்தான் பாக்கேன்."

"விசா முடிஞ்சா என்ன பண்ணுவ?"

"கேட்டு வந்தா சாவியக் கழட்டிருவேன். கால் தரையிலயே படாதவளுக்கு என்னட்டி விசா?"

அமலோற்பவம் அன்று சாப்பிடவில்லை. வடிவைப் பார்க்கவுமில்லை. நன்றிகெட்டவள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள், அது வடிவின் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். உள்ளுக்குள் அவளுக்கு வடிவின்மேல் கோபமில்லை. கேட்கவேண்டியதைக் கேட்காமல், கையைப் பிடித்தால் போதும் என்று இருந்துவிட்ட தன்மேல்தான் கோபம்.

மறுநாள் இறங்குதுறையில் தீவே வந்து நின்றது. சூசைதாசன் பெட்டியை லாஞ்சியில் ஏற்றினான். வடிவு இடுப்பில் சாவிகள் கலகலக்கப் பக்கத்தில் வந்தாள். அமலோற்பவம் வாயைத் திறந்தாள், இந்தமுறை வந்துவிட்டது.

"மாடி ரூமுக்குப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன். ஒனக்குத்தான். எங்கூட வந்து இருன்னு கேக்கத்தான் இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்தேன்."

"தெரியும்ட்டி" என்றாள் வடிவு. "ஒரு மாசமா ஒஞ்சேலையெல்லாம் பெயின்டு வாசம். நீ எப்ப கேப்பன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"கேட்டிருந்தா வந்திருப்பியா?"

வடிவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "மேல போய்ப் பாக்கதுக்கு முன்னாடி கேட்டிருந்தா வந்திருப்பேன்" என்றாள். இரண்டு பேர் கண்ணும் நிறைந்தது.

அமலோற்பவம் கைப்பையைத் திறந்தாள். உள்ளங்கை நீளமுள்ள சாவி, வேளாங்கண்ணி மாதா படம் கோத்தது, திண்டுக்கல் பூட்டின் சாவி. பேங்குக்குப் போடுகிற பூட்டைக் கொண்டுபோய் வீட்டுக்குப் போட்டிருக்கிறாள் என்று தெருவே கேலி செய்கிற பூட்டு அது. அதன் மறுசாவி என்றைக்கோ கிணற்றில் விழுந்துவிட்டது. நைலான் கயிற்றை அவிழ்த்து, தானே கோத்து, சூசைதாசனிடம் பார்த்துக் கற்றுக்கொண்ட நங்கூர முடிச்சைப் போட்டாள். வடிவின் கால்கள் மணலில் கணுக்காலளவு புதைந்தன.

"ஆத்தீ, என்னா கனம்" என்றாள் வடிவு. "ஏட்டி, நீ எப்படி வீட்டுக்குள்ள போவ?"

"அது எம்பாடு. எறக்கி வைக்கணும்னு தோணுச்சுன்னா கொண்டுவந்து தா. மாடி ரூமு அப்படியேதான் இருக்கும்."

சிநேகிதியின் மணிக்கட்டை ஒருமுறை இறுக்கிப் பிடித்து, பிறகு விட்டாள். லாஞ்சி நகர்ந்தது. கரையில் வடிவு நின்றுகொண்டிருந்தாள், கண்ணுக்கெட்டிய மட்டும் தரையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டையில் ஆட்டோவிலிருந்து இறங்கிய அமலோற்பவம் தன் வீட்டு வாசலில் தானே விருந்தாளியாக நின்றாள். எதிர்வீட்டு ஜெபமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "வடிவக்கா எங்க?" என்று கேட்டு, அங்கேயே இருந்துவிட்டாள் என்று தெரிந்ததும், "எழும்புத ஆளு எங்கயாவது போய் எறங்கத்தான செய்வாங்க" என்று சொல்லிவிட்டுப் பூட்டு ரிப்பேர்க்காரரைக் கூட்டிவரப் போனாள். அவர் சைக்கிளில் வந்து, பூட்டைத் திருப்பிப் பார்த்து, கள்ளச்சாவி எதுவும் இதற்குப் போகாது என்று பாராட்டிவிட்டு, சுத்தியலை எடுத்தார்.

"சாவி தொலஞ்சு போச்சாம்மா?"

"தொலையல. பத்திரமாத்தான் இருக்கு."

அவர் சுத்தியலை ஓங்கினார். அந்த நிமிடத்தில் அமலோற்பவத்தின் கண்முன்னே ஒற்றைச் சாவி ஒன்று பஞ்சுபோல எழும்பியது, ஒரு கிழவர் அதை வேட்டியில் முடிந்துகொண்டார். அவள் பாய்ந்து பூட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். சுத்தியல் மயிரிழையில் நின்றது.

"அடிக்காதீங்கய்யா! இத ஒடைச்சா அங்க அவ போயிருவா!"

பூட்டுக்காரர் தன் தொழிலில் எத்தனையோ வாசல்களைப் பார்த்தவர். யார், எங்கே என்று அவர் கேட்கவில்லை. சுத்தியலைப் பைக்குள் வைத்துவிட்டு, "அப்ப கொல்லப்பக்கம் காட்டுங்க. கீல்ல கதவக் கழட்டிருவோம்" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குத் தபால்காரர், காஸ் கொண்டுவருபவர், பங்குச் சாமியார், யாராக இருந்தாலும் துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கமாகத்தான் வருகிறார்கள். தெருவுக்கு அது பழகிவிட்டது, புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லவும் கற்றுக்கொண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வடிவின் போன் வரும். அங்கே யார் வீட்டு அண்ணன் திரும்பி வந்தார், எந்தச் சாவி இடுப்பிலிருந்து இறங்கியது என்றெல்லாம் சொல்வாள். உன் சாவியைக் கழட்டட்டுமா என்று அவளும் கேட்டதில்லை, கழட்டு என்று இவளும் சொன்னதில்லை. சாயங்காலம் காற்று எழும்பும் நேரத்தில் அமலோற்பவம் எண்ணெய்க் கிண்ணத்தோடு முன்வாசலுக்கு வருவாள், பூட்டின் துவாரத்தில் இரண்டு சொட்டு விடுவாள், உள்ளங்கையில் அதை ஏந்திக் கனம் பார்ப்பாள், கனம் இருக்கும். "லைன்ல இருட்டி" என்பாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடப்பாள்.